சாய்ஹாவின் இடது காது

சாய்ஹாவிடம் பேச வருகிறவர்கள் அவளுடைய வலப்பக்கம் போய் நின்றுகொள்வார்கள். தென்சீனாவில், பெய்ஹாய்த் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது பழக்கம். இடது காதை அடித்துச் செவிடாக்கியவன் அவள் புருஷன் கம்சுன்.

நாங்கள் ஒரே படகில் வந்தவர்கள். எழுபத்தெட்டாம் வருடக் கோடை. வியட்நாமின் கட்பா தீவில் மூன்று தலைமுறையாக மீன் பிடித்த சீனக் குடும்பங்கள், இரு நாடுகளுக்கும் பகை முற்றியதில், இனி அங்கே இருக்க முடியாது என்றானது. சாய்ஹாவுக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த படகில் பதினெட்டுப் பேர் ஏறினோம்.

மூன்றாம் நாள் மதியம் கொள்ளைக்காரர்களின் படகு வந்து ஒட்டி நின்றது. கம்சுனின் தம்பி கம்வா துடுப்பை ஓங்கினான். அவன் வயிற்றில் கத்தியைச் செருகிக் கடலில் தள்ளினார்கள். என் புருஷனின் முன்பற்களைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தார்கள். கம்சுனைக் காணவில்லை. மீன் கொட்டும் அறைக்குள் இறங்கி, வலையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஒருவன் என் மகளின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தபோது, சாய்ஹா கொதிக்கிற கஞ்சிப் பானையை அவன் முகத்தில் கவிழ்த்தாள். மற்றவர்கள் அவளை மிதித்துப் போட்டுவிட்டு, அலறியவனையும் கிடைத்த நகைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெய்ஹாய் அமைதியான ஊர். வெயில் ஏறினால் தெருவில் நாய்கூட நடக்காது. உள்ளூர்க்காரர்கள் எங்களை வியட்நாம்காரர்கள் என்றார்களே தவிர, வம்புக்கு வரவில்லை. வம்பை நாங்களே கொண்டுவந்திருந்தோம்.

வலை உலர்த்துகிற இடத்தில் எங்கள் ஆட்களே கேட்பார்கள்: "என்ன கம்சுன், இன்னைக்கு நீ கடலுக்குப் போறியா, இல்ல பொண்டாட்டிய அனுப்பிட்டு வலைக்கடியில படுத்துக்கிறியா?"

அவனும் சேர்ந்து சிரிப்பான். பிறகு வீட்டுக்குப் போய் அவளை அடிப்பான். விறகால் அடிப்பான், வாளியால் அடிப்பான். ஒருமுறை கூடையில் உயிரோடு இருந்த நண்டுகளை அவள் தலையில் கொட்டி, மேலே ஏறி மிதித்தான்.

"எங்க வீட்டுக்கு வந்துடு சாய்ஹா" என்றேன்.

"அக்கா, அன்னைக்கு அவனும் செத்திருக்கணும்னு நான் நெனைக்கிறதா அவன் நெனைக்கிறான்."

"நீ அப்படி நெனைக்கிறியா?"

"தெனமும்."

எண்பத்துமூன்றில் ஒரு நாள் சுக்கான் கட்டையால் காதோடு சேர்த்து அடித்தான். ரத்தம் தோள்வரை வழிந்தது. மறுநாள் காலை அவள் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு தனியாகப் படகை அவிழ்த்தாள். நான் கரையில் நண்டுக்கூழ் நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தேன். ஐம்பது பேராவது பார்த்தோம்.

கம்சுன் ஓடிவந்து படகில் குதித்தான். "எவன்டி ஒன்னைக் கடலுக்குப் போகச் சொன்னது?" கூந்தலைப் பிடித்து எந்திரப்பெட்டியில் அவள் நெற்றியை மோதினான். இரண்டு முறை. மூன்றாம் முறை அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள், விடவில்லை. அவன் கத்திக்கொண்டு பின்வாங்கினான். ஈரப் பலகையில் கால் வழுக்கி, படகு விளிம்பில் மண்டை இடித்து, தண்ணீரில் குப்புற விழுந்தான். அசையவில்லை.

சாய்ஹா நீளக் கொக்கியை எடுத்தாள். அழுத்தி மூழ்கடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவள் கொக்கியை அவன் வலது தோளில் இறக்கி, எலும்பில் மாட்டி இழுத்தாள். கரைப்படியில் பன்றியைப் போடுகிற மாதிரி போட்டாள். அவன் இருமிக் கண்ணைத் திறக்கிறவரை நின்றாள்.

"இது எங்கப்பா படகு. இன்னொரு தடவை கால வெச்சே, கொக்கி கழுத்துல எறங்கும்."

கம்சுனுக்கு அதன்பிறகு வலது கை தோளுக்கு மேல் தூக்கவே வரவில்லை. விவாகரத்துக் காகிதத்தில் இடது கையால் கைரேகை வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போனான். சாய்ஹா இரண்டு பெண்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இருபத்தாறு வருடம் கடலுக்குப் போனாள். அவளிடம் கூலிக்கு வந்த ஆண்களும் உண்டு. ஒருவனும் குரலை உயர்த்தியதில்லை.

வெகுகாலம் கழித்துக் கேட்டேன், அவனை ஏன் இழுத்துப் போட்டாய் என்று.

"கொல்ல மனசு இல்லாமயா? ஐம்பது பேர் பாத்துட்டு நின்னீங்க. செத்திருந்தா என்னைக் கொலைகாரின்னு புடிச்சுட்டுப் போயிருப்பாங்க. படகு போயிருக்கும்" என்றாள். பிறகு, "அவனைத் தூக்க நீங்க யாராவது குதிப்பீங்கன்னும் பாத்தேன் அக்கா, ஒருத்தரும் குதிக்கல" என்றாள்.