மதிலுக்குள் அக்கா தனியாக நின்ற நாள்

சென்ற வருடப் பள்ளி விடுமுறையில் எங்கள் மந்தின் வட்டாரத்திலிருந்து இருபது பேர் இத்தாலிக்குத் திருப்பயணம் போனோம். கோலா பிலா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்த என் அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். அவள் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள், சுற்றிலும் மதில் எழுப்பிய ஒரு பழைய ஊரில் இறங்கினோம். தெருவுக்குத் தெரு தேவாலயம். எங்கள் குழுத்தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. "நாலு மணிக்கு எல்லாரும் சர்ச் வாசலுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். படம் எடுக்கும் ஆசையில், அக்காவை மற்றப் பெண்களோடு விட்டுவிட்டு அவரோடு முன்னால் போனேன்.

நாலரை ஆகியும் அவளைக் காணோம். அவளுடைய கைப்பேசி அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. கூட இருந்த பெண்களுக்கும் அவள் எங்கே பிரிந்தாள் என்று தெரியவில்லை.

"எஸ்டேட் ஆளுங்கள கூட்டிட்டு வந்தா இப்படித்தான் லா" என்றார் தலைவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "பஸ்ஸு இன்னும் பத்து நிமிசந்தான் நிக்கும். பிறகு நீங்க டெக்சில வந்துக்கங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முதலில் அவளைத் தேடி ஓடினேன். ஐந்தாவதாகப் பார்த்த தேவாலயத்தின் வாசலில், தூறலில் நனைந்தபடி நின்றிருந்தாள். உள்ளே ஒதுங்கினால் தேடி வருகிறவர்கள் கண்ணில் படமாட்டோமே என்று வெளியிலேயே நின்றாளாம்.

தலைவரிடம் காட்டியிருக்க வேண்டிய கோபத்தையெல்லாம் அவளிடம் காட்டினேன். "மானத்த வாங்கிட்டியேக்கா! அறிவில்ல ஒனக்கு?"

"சர்ச் வாசல்லதானடா நிக்கச் சொன்னாரு? மூணே முக்காலுலருந்து நிக்கிறேன். எந்த சர்ச்சுன்னு அவரு சொல்லலியே" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. அத்தனை தேவாலயம் உள்ள ஊரில் அவர் பெயரே சொல்லவில்லை. நாங்கள் அவர் பின்னாலேயே திரிந்ததால் தப்பித்தோம், அவ்வளவுதான்.

பேருந்தில் ஏறியதும் அக்கா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சிருங்க, என்னால லேட்டாயிருச்சு" என்றாள். "சரி சரி, உக்காருங்க" என்றார் தலைவர், பெரிய மனது பண்ணி.

ஊர் திரும்பிய பிறகு தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, எந்த சர்ச் என்று ஏன் சொல்லவில்லை எனக் கேட்டேன். "இதையெல்லாமா இன்னும் மனசுல வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார்.

அவரை என்றாவது மன்னித்தாலும் மன்னிப்பேன். தப்பே செய்யாத அக்கா அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்த என் மீதுதான் இன்றும் கோபம் ஆறவில்லை.