வால் சேர்த்து ஆடிய ரம்மி

ஆங்கில வார்த்தையின் கடைசியில் ஒட்டும் வால், லாரிக்குப் பின்னால் திருஷ்டிக்குத் தொங்கும் பழைய செருப்பு மாதிரி என்று நம்பியிருந்தேன். இருந்தாலும் வண்டி ஓடும், இல்லாவிட்டாலும் ஓடும். அந்தத் தைரியத்தில்தான், எங்கள் தொழிற்சாலையில் கை கழுவ வந்த புது சோப்பு டின்னில் 'ஓடர்லெஸ்' என்பதைப் பார்த்து, 'ஓடர்' என்றால் நாற்றமாயிற்றே என்று மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கை கழுவினேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கட்டிவிட்டேன். அவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. பெயின்ட் அறைப் புகை இனி என் நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தப்பிக்க ஒரே வழி, ஆய்வுப் பிரிவுக்கு மாறுவது. அதற்கு, இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தைப் படித்து, மேலாளரிடம் தமிழில் பொருள் சொல்லித் தேற வேண்டும். அகராதி வாங்கினேன். முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் ரத்த அழுத்த மாத்திரையும் வாங்க வேண்டியதாயிற்று. ஆனாலும் விடுவதாயில்லை.

வேப்பம்பட்டிலிருந்து வேலைக்குப் போகும் காலை லோக்கல் ரயிலில் எங்கள் செட்டு முழங்கால்மேல் பேப்பர் விரித்து ரம்மி ஆடும். என் புலம்பலைக் கேட்டு அலுத்துப்போன எதிர்சீட்டு வெல்டர்தான் வழி சொன்னான்.

"இன்னா மாமே, சீட்டு சேக்கத் தெரியுதுல்ல? இதையும் சேரு."

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டினோம். சில சீட்டில் வார்த்தையின் தலை, சில சீட்டில் வால்: லெஸ், ஃபுல், ஏபிள், ப்ரூஃப். தலையோடு வாலைச் சேர்த்து, தமிழில் பொருள் சொல்லிவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும். தப்பாகச் சொன்னவன், நாங்கள் இறங்கும் பட்டரவாக்கத்தில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். லெஸ் வந்தால் இல்லாதது, ஃபுல் வந்தால் நிறைந்தது, ஏபிள் வந்தால் செய்ய முடிந்தது, ப்ரூஃப் வந்தால் உள்ளே விடாதது. ஒருநாள் திமிரில் 'வைஃப்'போடு 'ப்ரூஃப்' சேர்த்து, பெண்டாட்டி புகாதது என்று கவிழ்த்தேன்.

"அப்டி ஒண்ணு இன்னும் யாரும் கண்டுபுடிக்கல. டீ உன்து" என்றான் வெல்டர்.

தேர்வன்று மேலாளர் ஒரு இயந்திரத்தின் மூடியைக் காட்டினார். அதில் 'டிடாச்சபிள்' என்று இருந்தது. அந்தத் தலையை எங்கள் சீட்டுக்கட்டில் நான் பார்த்ததே இல்லை. காதுக்குள் ரயில் ஓடியது. வாலில் இருந்த 'ஏபிள்'ளை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"முன்னாடி இருக்கறது தெரியல சார். ஆனா இந்த மூடியை என்னமோ செய்ய முடியும்."

"என்ன செய்ய முடியும்?"

மூடியைத் தடவினேன். ஓரத்தில் ஒரு கொக்கி இருந்தது. அழுத்தி இழுத்தேன், மூடி கையோடு வந்தது.

"கழட்ட முடியும் சார்."

அடுத்த திங்கட்கிழமை என்னை ஆய்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.