குடைப் பெட்டியில் போட்டது யார்?

போன மாதம் எனக்குத் தேர்தல் வேலை. உத்திரமேரூர் பக்கம், பெருநகர் என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமம். பெயர் வேண்டாம் — ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பள்ளிக்கூட வாத்தியாரை ஒரே நாளில் சாவடி அதிகாரி ஆக்கிவிடுகிறது சர்க்கார். கையில் அரக்கு, முத்திரை, ஒரு பழைய திரை. திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். தேர்தலில் நிற்கிற ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒன்று. மேலே அவருடைய சின்னம். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் ஜனநாயகம்.

பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டிருந்தபோதே வரதப்பர் வந்துவிட்டார். ஊரில் பாதி நிலம் அவருடையது. ஆளும் கட்சிக்கு அந்த ஊரில் எல்லாமே அவர்தான்.

"இன்னாத்துக்கு சார் இத்தினி பேஜாரு?" என்றார். "ரிசல்ட்டு எப்பவோ ஆயிப்போச்சு. ராஜ்யம் பூரா நம்ம ஆளுங்கதான். அந்தக் குடைப் பொட்டிய நீங்க பூட்டவே வேணாம். ஒரு சீட்டு வுழாது."

உண்மைதான். குடைச் சின்னக்காரர் ஒரு சுயேச்சை. அந்த ஊருக்கு ஓட்டுக் கேட்கக்கூட வரவில்லை, பாவம்.

சரி... முடிவுதான் தெரிந்துவிட்டதே. பிறகு எதற்காக வரதப்பர் விடிவதற்குள் மாட்டு வண்டிகளைக் கட்டி, ஆட்களை ஏற்றி வர அனுப்பியிருக்கிறார்? நான் கேட்கவில்லை. அதிகாரி கேள்வி கேட்கக் கூடாது.

சேரிப் பெண்கள் வண்டிக்குக் காத்திராமல் நடந்தே வந்தார்கள். வரதப்பர் வயலில் களை எடுக்கிறவர்கள். ஓட்டுப் போட்டுவிட்டு நேரே வேலைக்குப் போகவேண்டும். வரிசையில் முதல் ஆள் கன்னியம்மா. முப்பது வயதிருக்கும்.

சாவடி திறக்கிற நேரத்தில் கூண்டு வண்டியில் வரதப்பரின் மனைவி தாயாரம்மா வந்து இறங்கினார். வரதப்பர் வரிசையைப் பார்த்துக் கையை வீசினார்.

"தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க. அம்மா போட்டுட்டுப் போவட்டும்."

வரிசை விலகிக்கொண்டது. கன்னியம்மா மட்டும் நகரவில்லை.

"ஏய், உன்னத்தான். காது கேக்கல?"

"கேக்குது ஆண்டே. நான்தான் மொதல்ல வந்தேன். போட்டுட்டு தோ ஓடிடறேன்."

"நாளிக்கு களைக்கு வர்றதா இல்லியா நீ?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கால் நகரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வீரன் இல்லை. ஆனால் எந்த நேரமும் தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கலாம். வரதப்பரைவிடத் தாசில்தாரிடம் எனக்குப் பயம் அதிகம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரிசைப்படிதாங்க விடணும். சட்டம்" என்றேன்.

தாயாரம்மா வண்டிப் பக்கம் திரும்பிவிட்டார்.

"நான் வூட்டுக்குப் போறேன். எல்லாம் முடிஞ்சிபோச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? என் ஒரு ஓட்டு இல்லன்னா தோத்துடுவாரா?"

நியாயமான கேள்வி. ஒரு வாரமாக ஊருக்கே இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் வரதப்பர். வீட்டிலிருந்தே அது திரும்பி வந்ததும் ஆடிப்போய்விட்டார்.

"ஐயையோ, நம்ம வூட்டு ஓட்டே வுழலன்னா நான் வெளிய தல காட்டறதா? செத்த நேரம்தான். நில்லு."

நின்றார் தாயாரம்மா. கன்னியம்மாவுக்குப் பின்னால். அந்த ஊரில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை என்பது மற்றப் பெண்களின் முகத்திலேயே தெரிந்தது.

தாயாரம்மாவே பேச்சை ஆரம்பித்தார்.

"ஏண்டி, எப்பிடியும் அவங்கதான் ஜெயிக்கப் போறாங்க. நீ இன்னாத்துக்கு வம்ப வாங்கிகினு நிக்கிற?"

"போன வாட்டி எம் பேரே இல்லம்மா. 'முனியன் பொஞ்சாதி'ன்னு எழுதிகினு போயிட்டாங்க. அப்டி எழுதினா செல்லாதாம். லிஸ்ட்டுல அடிச்சிட்டாங்க. இந்த வாட்டி 'கன்னியம்மா'ன்னு கீதாம். கூப்புடும்போது நான் இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

தாயாரம்மா குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அதே கதிதாண்டி. பேர் எழுத வந்தவங்ககிட்ட இவருதான் பதில் சொன்னாரு. 'என் சம்சாரம்'னாரு. அத்தோட சரி."

என் உதவியாளர் பட்டியலைப் பார்த்து உரக்கப் படித்தார்: "கன்னியம்மாள்!"

"கீறேன் சார்!" — பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அடுத்து, "தாயாரம்மாள்!"

ஊர் நடுவில் தன் பெயரை ஓர் அந்நியர் கூவிக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவையோ என்னவோ. ஒரு கணம் திகைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

சீட்டோடு திரைக்குப் பின்னால் போனார். போனவர்... வரக் காணோம். இருப்பது இரண்டே பெட்டிகள். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வரதப்பர் வாசலில் நின்று இருமினார். மறுபடியும் இருமினார். ஒருவழியாக வெளியே வந்த தாயாரம்மா, யாரையும் பார்க்காமல் வண்டி ஏறிவிட்டார்.

முடிவு நீங்கள் பத்திரிகையில் படித்ததுதான். ராஜ்யம் பூரா அவர்களே. எங்கள் தொகுதியிலும் அமோக வெற்றி. அந்த ஊர் மொத்தமும் படுத்துத் தூங்கியிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்.

ஆனால் எண்ணுகிற இடத்தில் அந்த ஊர்க் குடைப் பெட்டியைக் கவிழ்த்தபோது சீட்டுகள் விழுந்தன. ஏராளம் என்று சொல்ல முடியாது. ஒன்றிரண்டு என்றும் சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் என் வீட்டு வாசலில் வரதப்பர் நின்றார். கையில் ஒரு பை கத்திரிக்காய். ஜெயித்தவர் முகமாகவே இல்லை.

"சார், நீங்க அங்கியே குந்திகினு இருந்தீங்க. குடையில போட்டது யார் யாருன்னு தெரியுமில்ல?"

"சத்தியமா தெரியாதுங்க. அதுக்குத்தானே திரை?"

அவர் நம்பவில்லை; திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு மாதமாக மனதை அரித்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். "அந்தக் கன்னியம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டீங்களா?"

"எப்பிடி சார் நிறுத்தறது? அவ ஒருத்தின்னா சரி. பொட்டியில அத்தினி சீட்டு கீதே! அவள மட்டும் நிறுத்திட்டு, குடையில போட்ட மத்தவங்கள வெச்சிகினா ஊரு சிரிக்காதா? எல்லாரையும் நிறுத்திட்டா களைய யாரு எடுக்கறது, நானா?"

முடிவு தெரிந்த தேர்தலில் ஓட்டுப் போட்டு என்ன லாபம் என்று என்னைக் கேட்கிற வாசகர்கள் கவனிக்கவும். கன்னியம்மாவின் கூலியைக் காப்பாற்றியது, தோற்றுப்போன அந்தச் சீட்டுகள்தான்.

"ஒவ்வொருத்தரையா கூப்புட்டு கேட்டுட்டேன் சார்" என்றார் வரதப்பர். "அத்தினி பேரும் ஒரே பதிலு. 'நீங்க சொன்ன பொட்டியிலதான் போட்டோம்'ன்றாங்க."

"வீட்ல அம்மாவைக் கேட்டீங்களா?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். படி இறங்கினார். கொஞ்சம் யோசித்துத் திரும்பிப் பார்த்தார்.

"அவளும் அதையேதான் சார் சொல்றா."