பாலத்தடியில் நிறுத்திய செவலை

அந்தக் காலத்தில் தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் குதிரைப் பந்தயம் விடுவார்கள். சித்திரை வெயிலில் வழியில் எங்கும் நிற்காமல் ஓட வேண்டும். என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரத்துக்காக ஒரு செவலைக் குதிரை வைத்திருந்தார். அதற்குக் கொள்ளு அவித்துப் போடுவதும் உடம்பு தேய்த்துவிடுவதும் நான்தான். அவருடைய தங்கை புருஷன், "உங்க செவலை சந்தைக்குப் போகத்தான் லாயக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். ரோஷத்தில் இவரும் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர் உத்தமபாளையம். பந்தயப் பாதையில்தான் இருக்கிறது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு காத்திருந்தேன். இவர் ஏறிவந்த செவலை மூன்றாவதாக வந்தது. அத்தனை தூரம் ஓடிவந்த குதிரை வியர்வையில் நனைந்திருக்க வேண்டும். இதற்கோ வியர்வை நின்றுபோய், கழுத்தெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின.

குடத்தை வைத்துவிட்டுக் குறுக்கே போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு புள்ள! எல்லாரும் பாக்குறாக!"

"பாக்கட்டும். எறங்குங்க."

"ரெண்டு பேருதான் முன்னால போறாக. விடுன்னா விடு!"

சவுக்கை ஓங்கினார். அது குதிரைக்கா எனக்கா என்று தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ, "பொம்பள கையில கடிவாளமா?" என்று சிரித்தான். நான் பிடியை விடவில்லை.

"எறங்கி அது நெஞ்சுல கை வச்சுப் பாருங்க. அப்பறமும் ஓடும்னு தோணுச்சுன்னா ஏறிக்கிருங்க, நான் விட்டுர்றேன்."

அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை புருஷன் தன் குதிரையில் பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டினார். "என்ன மச்சான், வீட்டுல உத்தரவு கெடைக்கலையா?" என்று கத்திக்கொண்டே போனார். இவர் முகம் கறுத்துவிட்டது. குதிரையை என்மேல் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன்.

இறங்கினார். செவலையின் நெஞ்சில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இப்படி அடிக்குதே..." என்றார்.

சேணத்தை அவிழ்த்து, நிழலுக்கு நடத்திக்கொண்டு போனோம். கழுத்திலும் கால்களிலும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விட்டோம். செவலை தலையைத் தொங்கப்போட்டபடியே நின்றது. மூத்திரம் காப்பித் தண்ணி நிறத்தில் போனதைப் பார்த்து, இனி பிழைக்காது என்று இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும்போதுதான் அது காதை அசைத்து, ஒரு வாய் புல்லைக் கடித்தது.

இருட்டுகிற வேளையில் தங்கை புருஷன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். அவருடைய குதிரை கம்பத்துக்கு முன்னாலேயே விழுந்துவிட்டதாம், எழுந்திருக்கவே இல்லையாம். செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

மறு வருஷம் இவரும் தங்கை புருஷனும் சேர்ந்தே பந்தயம் நடத்துகிறவர்களிடம் போய்ச் சண்டை போட்டார்கள். பாலத்தடியில் எல்லாக் குதிரையும் நிற்க வேண்டும், மூச்சு அடங்காத குதிரையை மேற்கொண்டு விடக் கூடாது என்றார்கள். "அப்பறம் அது என்ன பந்தயம்?" என்று நடத்துகிறவர்கள் கேட்டார்கள். பேசிப் பேசிக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சித்திரையில் ஆண்டிபட்டிக்காரர் ஒருவரின் குதிரைக்கு மூச்சு அடங்காததால் அதை நிறுத்திவைத்தோம். கடிவாளம் என் கையில் இருந்தது. அது தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.