மாஸ்டர் எடை மெஷினில் ஏறிய நாள்

"சாப்பிட்டாச்சா?" என்று அக்கா யாரையும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தவரையும் போனில் கூப்பிட்டவரையும் நாமெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான். அவர் மட்டும் "தூங்கினியா?" என்பார். க்ளினிக் வாசலில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவருக்கு வாய் தவறியதில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. சாப்பாட்டைக் கண்டால் பயப்படுகிற, கண்ணாடியைக் கண்டால் முகம் திருப்புகிற பிள்ளைகளைத் தேற்றும் மனநல ஆலோசகர். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தது நான். மனதைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியும் ஒரு மனிதரைக்கூடப் புரியவில்லையே என்ற உறுத்தலில்தான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் முறை எளிமையானது. பிள்ளைகள் எடை மெஷினில் திரும்பி நின்றுதான் ஏறவேண்டும். எண்ணை அக்கா மட்டும் பார்ப்பார், யாருக்கும் சொல்லமாட்டார். வாரம் ஒருநாள் குடும்பம் சாப்பாடு கொண்டுவந்து அங்கேயே பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். கூச்சம் குறையட்டும் என்று எனக்கும் ஒரு தட்டு உண்டு. அந்த நேரத்தில் உடம்பைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ யாரும் வாய் திறக்கக்கூடாது. அவர்கள் வீட்டு மாமாவின் கஞ்சத்தனத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

பள்ளிக்கூடத்தில் அக்கா ஓட்டக்காரி. அங்கிருந்த டிரில் மாஸ்டர் அவருக்கு 'மூட்டை' என்று பேர் வைத்தார். மைதானமே அப்படித்தான் கூப்பிட்டது. பிறகு அக்கா ஓடவில்லை. சாப்பிட்டதையெல்லாம் குளியலறையில் போய் வாந்தியெடுத்தே காலேஜை முடித்தார். இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

அந்த மாஸ்டர் ஒருநாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து வயதுப் பெண், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, படியேறுவதற்குள் மூச்சு வாங்கியது. மாஸ்டருக்கு இப்போது நல்ல தொப்பை. அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் யார் என்று அக்கா என்னிடம் சொன்னதும், வேறு யாரிடமாவது அனுப்பிவிடலாமே என்றேன்.

"எதுக்கு? இத்தனை வருஷம் கழிச்சு தானா நடந்து வந்திருக்கான். நானே பாத்துக்கறேன்."

முதல் இரண்டு சாப்பாடும் ஒழுங்காக நடந்தன. மூன்றாவதில் அந்தப் பெண் தானாகவே ஒரு கவளம் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகும்போது மாஸ்டர் பொறுக்கமாட்டாமல், "ஒரு வாய் தின்னா ஊதியா போயிடுவே?" என்றார்.

இப்படி யாராவது பேசினால் அக்கா விரலை மட்டும் உயர்த்துவார். அன்றைக்கு எழுந்துபோய் எடை மெஷினை நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

"ஏறுங்க சார். முதுகெல்லாம் காட்ட வேணாம், நேராவே ஏறுங்க."

அவர் அசட்டுச் சிரிப்போடு ஏறினார். அக்கா எண்ணை உரக்கப் படித்தார். "இந்த மூட்டையைத் தூக்க எத்தனை ஆள் வேணும் சார்?"

அந்தச் சொல்லில்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகம் வெளுத்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்ல விரும்பவில்லை.

மகள் கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டாள். "எங்கப்பாவை விடுங்க. எனக்கு வேணாம்."

அக்கா கெஞ்சிப் பார்த்தார். அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன்பின் அவர்கள் வரவேயில்லை.

சில மாதம் கழித்து மாஸ்டர் தனியாக வந்தார். இடையில் மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்ததாம், இப்போது வேறொரு இடத்தில் மெல்லத் தேறுகிறாளாம். அந்தக் காலத்தில் பேசியதெல்லாம் தப்பு என்று அவர் சொன்னபோது அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை. கதவருகில் போய் அவர் திரும்பினார்.

"எனக்கு நீ செஞ்சது சரிதாம்மா. அவதான், 'நான் வாய்ல வைக்கப் போனப்ப அந்த மேடம் ஏன் அப்படிப் பண்ணாங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை பேசிடு."

"பேசறேன்."

அவர் போனதும், வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அந்த ஆளுக்காகவா? நாளைக்கு வந்தாலும் மெஷின்ல ஏத்துவேன்."

மகளைப் பற்றி நான் கேட்கவில்லை. வருடம் ஒன்று ஓடிவிட்டது, அக்கா இன்னும் அவளிடம் பேசவில்லை.