தள்ளுவண்டிலில் தொங்கிய தாரா

அறுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில், உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில், துறைமுகக் கந்தோரில் வேலைபார்த்த என் கணவருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தோம். என் மூத்த மகள் அப்போது ஐந்து மாதக் குழந்தை. அவளைப் பெற்றது யாழ்ப்பாணத்தில், என் தாய் வீட்டில். மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அவளைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு வந்தேன். அதனால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. வந்த பிறகும் நான் பார்க்க விடவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், சுற்றிவளைப்பானேன். பிள்ளைக்கு மேலுதடு பிளந்திருந்தது. பிளவு மூக்குவரைக்கும் போயிருந்தது, உள்ளே அண்ணத்திலும் இருந்தது. கொஞ்சம் நிறை கூடட்டும், கொழும்பில் தைத்துச் சரியாக்கிவிடலாம் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். என் கணவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கந்தோரால் வந்து சேட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத் தொடங்கிவிடுவார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. மாமியார் பிள்ளையைப் பார்த்த முதல் நாளே, கிரகணத்தன்று எதையாவது வெட்டினாயா, நறுக்கினாயா என்று கேட்டுவிட்டார். நான் ஒன்றையும் வெட்டவில்லை. கிரகணம் வந்ததே எனக்குத் தெரியாது. என்றாலும், இனிப் பிள்ளையைப் பார்க்கிற எல்லாரும் அதையேதான் மனதுக்குள் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்குக்கூடப் பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. ஐயர் திருநீறு பூச முகத்தைத் திறக்கச் சொல்வாரே என்ற பயம். யாராவது வீட்டுக்கு வந்து பிள்ளையைக் காட்டு என்றால், இப்போதுதான் நித்திரை என்பேன். அல்லது நாவூறு பட்டுவிடும், கொஞ்ச நாள் போகட்டும் என்பேன். நாவூறு என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்களிடம் மறுபேச்சு இல்லை. தாய் இவ்வளவு பயப்படுகிறாள் என்றால் பிள்ளை கொள்ளை அழகாகத்தான் இருக்கும் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். வெட்கக்கேடு, அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் என் கணவர் ஒரு தள்ளுவண்டில் வாங்கி வந்தார். கடற்படைத் தளத்து வெள்ளைக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது விற்ற சாமான். இரண்டு மூன்று வீடு மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், பெரிய சில்லுகள், மடக்கி விரிக்கிற கூடாரம். பிள்ளையும் பாவம், வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள், பின்னேரத்தில் கடல்காற்றில் தள்ளிக்கொண்டு போய்வா என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வண்டிலின் கூடாரத்துக்குக் குறுக்கே இலாஸ்டிக்கில் விளையாட்டுச் சாமான்கள் கோர்த்துக் கட்டுவார்கள் அல்லவா, பிள்ளை பராக்குப் பார்க்க? அதைக் கட்டிவிட்டால் என்ன?

மறுநாளே கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். சின்னச் சின்ன மணிகளும் குருவிகளும் கோர்த்த ஒரு சரத்தை எடுத்துக் காட்டினார். பிள்ளை கையை நீட்டித் தட்டினால் மெதுவாகக் கிலுங்கும், கைக்கு எட்டக் கட்டுங்கள், முகத்துக்குக் கிட்டக் கட்ட வேண்டாம் என்று விளக்கமும் சொன்னார். நான் அதைத் தள்ளிவைத்துவிட்டு, இதைவிடப் பெரிது இல்லையா என்று கேட்டேன். பந்து கோர்த்தது, பொம்மைத் தலை கோர்த்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கடைசியில் வந்தது தாராச் சரம். கையகலத் தாராக்கள், வாத்துப் பொம்மைகள், மஞ்சளும் சிவப்புமாக, நெருக்கமாகக் கோர்த்திருந்தார்கள். கடைச் சுவரில் ஒரு கண்ணாடி தொங்கியது. நான் அந்தச் சரத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். என் வாய் தெரியவில்லை. இதுதான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். தாய்க்காரி விளையாடுகிறாள் என்று நினைத்துக் கடைக்காரர் சிரித்தார்.

வீட்டில் அதைக் கட்டியபோது என் கணவர் முகத்தைச் சுளித்தார். இவ்வளவையும் முகத்துக்கு நேரே கட்டினால் பிள்ளை எதைப் பார்க்கும் என்றார். வெள்ளைக்காரர் இப்படித்தான் கட்டுகிறார்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். அதற்கு மேலே, நுளம்பு கடிக்கும் என்று சொல்லி, ஒரு நுளம்பு வலைத் துண்டையும் போட்டேன். பிறகு பின்னேரங்களில் வெளியே தள்ளிக்கொண்டு போனேன். பிள்ளை தாராவைத் தட்டித் தட்டிச் சிரிக்கிற சத்தம் உள்ளேயிருந்து கேட்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கூடக் குனிந்து சரத்தை விலக்க வேண்டும். பெரும்பாலும் விலக்க மாட்டேன்.

அன்றைக்கும் அப்படித்தான் போனோம். பக்கத்து வீட்டு அக்காவும் கூட வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை உதவிக்கு முதல் ஆள். படகுகள் அணைகிற ஜெற்றிக்குக் கிட்ட, மர நிழலில், உட்கார ஒரு சின்ன வாங்கு இருந்தது. மூதூருக்குப் போகிற லோஞ்ச்சுக்குக் காத்திருப்பவர்கள் அதில்தான் இருப்பார்கள். நாங்கள் போனபோது ஒரு முனையில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண் குனிந்தபடி இருந்தாள். மடியில் பச்சைக் குழந்தை. அது அழுதுகொண்டிருந்தது. பலமான அழுகை இல்லை. அழுது களைத்துப்போன பிள்ளையின் முனகல். மறுமுனையில் நாங்கள் இருந்தோம்.

அவள் புருஷன் பக்கத்தில் நின்று, யாரோ தெரிந்தவரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படித்தான் எங்களுக்கும் விஷயம் தெரியவந்தது. பிள்ளைக்குச் சொண்டு பிளந்திருக்கிறதாம். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத பெண்ணை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தானாம். கொழும்புக்குப் போகக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் பாலைக் கரண்டியால் கொடுக்கச் சொன்னார்களாம். கொடுத்தால் மூக்கால் வருகிறதாம், புரையேறிப் பிள்ளை நீலம் பாரிக்கிறதாம். அந்தப் பயத்தில் காலையிலிருந்து தாய் ஒன்றுமே கொடுக்கவில்லை. சொல்லிவிட்டு, லோஞ்ச் ஏன் பிந்துகிறது என்று கேட்க அவன் ஜெற்றிப் பக்கம் போய்விட்டான்.

எனக்கு அதற்கு வழி தெரியும். பிள்ளையைப் படுக்கப்போட்டுக் கொடுக்கக் கூடாது, நிமிர்த்தி வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். கரண்டியைக் கன்னப் பக்கமாகச் சரித்து, ஒரு சொட்டு விட்டு, விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. கொஞ்சம் மூக்கால் வந்தால் பயப்படத் தேவையில்லை, துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுக்கலாம். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் மிஸ்ஸி என் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டது அது. அன்றைக்கும் வண்டிலின் கால்மாட்டில் கிண்ணமும் கரண்டியும் என்னிடம் இருந்தன. கையை நீட்டினால் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டிருப்பேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? உனக்கு இது எப்படித் தெரியும் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். அவர் கேட்டால் விடியமுன் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

அக்கா என் காதோடு சொன்னார். “கிரகணத்தில என்னத்தையோ வெட்டியிருக்கிறாள் போல கிடக்கு. நீர் பிள்ளையை அங்கால தள்ளும். அந்த முகம் எங்கட பிள்ளையின்ர கண்ணில பட வேண்டாம்.”

நான் தள்ளினேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. எழும்பி, வண்டிலை மற்றப் பக்கம் திருப்பி, கூடாரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். அந்த முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கடலைப் பார்த்தேன், நங்கூரம் போட்டு நின்ற கப்பலைப் பார்த்தேன், அக்கா சொன்ன ஏதோ கதைக்கு ஓம் ஓம் என்று தலையாட்டினேன். இடையில் அந்த முனகல் நின்றுவிட்டது. நின்றது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளைக்கு அழச் சக்தி இல்லாமல்போய் நின்றிருக்கும் என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மகள் தாராச் சரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறாள். முடிச்சு கழன்று, தாராக்கள் கடகடவென்று வண்டிலுக்கு வெளியே விழுந்தன. நுளம்பு வலையும் கூடவே போய்விட்டது. இலாஸ்டிக் தெறித்த வேகத்தில் சரம் அந்தப் பெண்ணின் காலடியில் போய்க் கிடந்தது. அவள் ஒரு கையால் தன் பிள்ளையை அணைத்தபடி, குனிந்து அதை எடுத்துத் தர எழும்பி வந்தாள். நான் வண்டிலை மறைத்துக்கொண்டு நிற்கப் பார்த்தேன். பிந்திவிட்டது. என் மகள் அவளைப் பார்த்துப் பிளந்த வாய் நிறையச் சிரித்தாள். புதிய முகம் ஒன்றைப் பார்த்து எத்தனை நாளோ.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். அக்காவும் பார்த்துவிட்டார். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இப்போது இவள் என்னைத் திட்டுவாள், அல்லது காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. என் பிள்ளையின் கொழுத்த கையையும் காலையும்தான் பார்த்தாள்.

“ஒங்கட புள்ளைக்கு எப்பிடிப் பால் குடுக்கிறீங்க?” என்று கேட்டாள்.

கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். அக்கா ஒன்றும் கேட்காமல் தன் சேலைத் தலைப்பை விரித்து மறைப்புப் பிடித்தார். அந்தப் பெண் திரும்பி இருந்து தன் பாலைக் கிண்ணத்தில் பிழிந்து தந்தாள். அவளுடைய பிள்ளையை என் மடியில் நிமிர்த்தி வைத்தேன். காற்றுப்போல இருந்தது, கனமே இல்லை. முதல் சொட்டு வெளியே வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதை விழுங்கியது. தொண்டை அசைவதைப் பார்த்ததும் அவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு நான் அவள் கையைப் பிடித்து, கரண்டியை எப்படிச் சரிப்பது என்று காட்டினேன். அவள் கொடுத்தாள். பிள்ளை குடித்தது. மூக்கால் கொஞ்சம் வந்ததும் பதறினாள். துடைத்துவிட்டுக் கொடு, ஒன்றும் ஆகாது என்றேன். கிண்ணம் வெறுமையானது.

இதற்கிடையில் லோஞ்ச் வந்து ஊதத் தொடங்கிவிட்டது. அக்கா என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெற்றிக்குப் போய், பிள்ளை பால் குடிக்குது, கொஞ்சம் நில்லுங்கோ என்று சண்டை பிடித்து நிறுத்திவைத்தார். திரும்பி வந்தவர் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இந்தப் பிள்ளையையே இவ்வளவு நாளும் எனக்குக் காட்டாமல் வச்சிருந்தனீர்?” என்றார். கோபம் இல்லை, மனம் நொந்த குரல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சற்றுமுன் சொன்ன கிரகணக் கதை அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும், மகளின் வாயோரத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

கிண்ணத்தையும் கரண்டியையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டேன். அவள் புருஷன் வந்து அவசரப்படுத்தினான். இரண்டு அடி நடந்தவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். அழுது வீங்கிய கண்கள். அவ்வளவு நேரமும் குனிந்தே இருந்ததால் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றே அவள் கவனித்திருக்கவில்லை.

“நீங்க இப்பதான் வந்தீங்களாக்கா?” என்றாள். “கொஞ்சம் முந்தி வந்திருந்தீங்கண்டா இவன் இவ்வளவு அழுதிருக்க மாட்டான்.”

தெரிந்தும் ஒருத்தி பக்கத்தில் பேசாமல் இருந்திருப்பாள் என்று நினைக்க அவளுக்குத் தெரியவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம் தங்கச்சி,” என்றேன். “இப்பதான் வந்தனான்.”

அவள் போய் லோஞ்ச்சில் ஏறினாள். அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை. பல பின்னேரங்கள் அந்த ஜெற்றியில் போய் நின்று, மூதூரிலிருந்து வருபவர்களை விசாரித்தேன். பெயர்கூடக் கேட்டுவைக்காத ஒருத்தியை எப்படி விசாரிப்பது? அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போனதா, பிழைத்ததா, ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பிறகு என் மகளை நான் மூடிக்கொண்டு போகவில்லை. கேட்டவர்களுக்குக் காட்டினேன், கிரகணம் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னேன். சில வாரங்களில் அவளுக்குக் கொழும்பில் உதட்டைத் தைத்தார்கள், அண்ணத்தைப் பிறகு ஒருமுறை சரிசெய்தார்கள்.

மகள் வளர்ந்த பிறகு ஒருநாள் இதை முழுவதும் அவளிடம் சொல்லி, உன் முகத்தை மறைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அதற்கென்னம்மா என்று அவள் சிரித்துவிட்டாள். அவள் மன்னித்துவிட்டாள், சரி. பசியில் முனகிய இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பக்கத்தில் எல்லாம் தெரிந்துகொண்டே வாய்மூடி இருந்ததற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.