கதவில் ஒட்டியிருந்த 'நல்லது'

பார்க்கின்சன் நோயுள்ள என் அண்ணனுக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நோர்பரியில் முதியோர் இல்லம் தேடினேன். ஓர் இல்லத்தில் தமிழ்த் தாதி இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடு என்றார்கள். அரசாங்கப் பரிசோதகர்கள் கொடுத்த 'நல்லது' என்ற மதிப்பீடு வாசற்கதவில் ஒட்டியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அண்ணன் அந்தப் பரிசோதனை அறிக்கையை இணையத்தில் எடுத்து முழுக்க வாசித்தார்.

"தங்கச்சி, நீ கதவைத்தான் வாசிச்சிருக்கிறாய். இதைப் பார்."

மொத்த மதிப்பீடு 'நல்லது'தான். ஆனால் 'பாதுகாப்பு' என்ற பகுதியில் மட்டும் 'முன்னேற்றம் தேவை' என்று இருந்தது. சிலருக்கு மருந்து பலமுறை பிந்திக் கொடுக்கப்பட்டதுதான் காரணம்.

"குளிசை அரை மணித்தியாலம் பிந்தினால் நான் கதிரையை விட்டு எழும்ப ஏலாது," என்றார்.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மறுநாள் இல்லத்தின் மேலாளரிடம், அந்த அறிக்கைக்குப் பிறகு மருந்து கொடுப்பதில் என்ன திருத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுப் பட்டியலை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போடாமல் திரும்பினேன்.

இப்போது எந்த இல்லத்துக்குப் போனாலும், அதன் அறிக்கையின் பாதுகாப்புப் பகுதியை அச்செடுத்து, கோடு போட்டுக் கையோடு கொண்டுபோகிறேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை நானே சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். குளிசையை அவர்கள்தான் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்.